ஏழு பேர் வண்டி

அத்தியாயம் 14

புதன்கிழமை காலையிலும் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை.

பொன்மணி சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் வரிசையாக எரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அது மட்டும் நின்றது. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் முதலில் கண்ணில் பட்டது. மூன்று நாளாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

பாட்டுக் கேட்கும் திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்து ஓடியது. கணவர் நந்தகோபாலின் போனைத் தேடுகிறதாம். பத்து விநாடி தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்றது. ஐந்து மாதமாக இதே பதில்தான். அந்த எழுத்தை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள்.

நந்தகோபால் ஆடி மாதம் போய்விட்டார். தன் தீப்பெட்டித் தொழிற்சாலையில், ஊர் வழக்கில் ஆபீஸில், லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரை போய்ச் சேரும் முன்பே ஆம்புலன்ஸில் எல்லாம் முடிந்தது. இப்போது ஆபீஸைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி முத்துசெல்வம். மகன் ஹரி சிங்கப்பூரில். மகள் ஆனந்தி, கூடப் படித்த ஜெயகிருஷ்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருடங்களுக்கு முன் போனவள். பையன் வேறு சாதி, ஆடு வளர்க்கிற குடும்பம். சென்னையில் இருக்கிறார்கள் என்று அப்போது யாரோ சொன்னதோடு சரி. தகப்பன் காரியத்துக்குக்கூட அவள் வரவில்லை. அந்தப் பெயரை இனி இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டால் பொன்மணிக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. இருவருமே எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது வீடு, பொன்மணி, இந்த வண்டி.

வெள்ளை நிறத்தில், மூன்று வரிசை இருக்கைகளோடு, ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய வண்டி. முன்னால் போய் நின்றால் பானட் அவள் நெஞ்சுக்கு வரும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபுட்போர்டில் கால் வைத்துத்தான் ஏறவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் இதை வாங்கியபோதே நந்தகோபால் அவளையும் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். "ஒருத்தர் மட்டும் ஓட்டுத வண்டி எனக்கு வேண்டாம்" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் ஊரைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை.

தினமும் காலையில் பத்து நிமிடம் ஓட விடும்மா, இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று ஹரி சொல்லியிருந்தான். அதன்படி தினமும் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிடம் சில நாள் முக்கால் மணி ஆகிவிடும். வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே இருப்பது எளிதாக இருந்தது. ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்ற சத்தமாவது இருக்கும்.

இன்றோடு அதுவும் முடிகிறது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கயத்தாற்றிலிருந்து ஆள் வருகிறார். லாரிகள் வைத்திருப்பவர். வண்டியை விலைக்கு வாங்கிக் கொண்டுபோகப் போகிறார்.

எட்டரை மணிக்கு ஹரி கூப்பிட்டான்.

"அம்மா, ரெண்டு சாவியையும் எடுத்து வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"மனசைப் போட்டு அலட்டிக்காத. ஏழு பேர் உட்காருத வண்டி அது. நீ ஒரு ஆளு. வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற?"

பொன்மணியின் கண் சுவரில் இருந்த காலண்டருக்குப் போயிற்று.

"பொங்கலுக்கு வருதியாப்பா?"

"லீவு கேட்டிருக்கேன்மா. அநேகமா முடியாது. சித்திரையில பாப்போம். சரி, மீட்டிங் இருக்கு. வைக்கட்டா?"

வைத்துவிட்டான்.

பத்து மணிக்கு முத்துசெல்வம் வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராக ஷெட்டுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து சாவியைப் போட்டவர், குனிந்தபடியே நின்றார்.

"மதினி, இது என்ன லைட்டு?"

"ஞாயித்துக்கெழமையில இருந்து எரியுது."

"இதைச் சொல்லவேண்டாமா? வாரவன் பாத்தான்னா இதையே பிடிச்சுக்கிட்டு நிப்பான்." அவர் தாடையைத் தடவினார். "சரி, ஒண்ணும் பிரச்சினையில்ல. முப்பிடாதிகிட்ட ஸ்கேனர் மிஷின் இருக்கு. போட்டு அழிக்கச் சொல்லிருவோம். லைட்டு போயிரும்."

"லைட்டு போனாப் போதுமா? என்ன கோளாறுன்னு பாக்க வேண்டாமா?"

"வித்த பிறகு நமக்கு என்ன மதினி? அவன் பாடு."

பொன்மணி சாவியைக் கேட்டுக் கை நீட்டினாள்.

"உங்க அண்ணன் வண்டி இது. கெட்டுப்போனதைத் தெரிஞ்சே தலையில கட்டிட்டாவன்னு நாளைக்கு அவிய பேரை ஒருத்தன் சொல்லக்கூடாது. நான் கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன்."

"நீங்களா? பைபாஸ் வரைக்குமா?"

"மூணு கிலோமீட்டர்தானே."

முத்துசெல்வம் சாவியைக் கொடுத்தார். "நாலு மணிக்கு முன்னாடி வந்துருங்க" என்று மட்டும் கேட் வரை வந்து சொன்னார்.

*

முப்பிடாதியின் ஒர்க்‌ஷாப் பைபாஸை ஒட்டி இருந்தது. நந்தகோபாலின் பழைய வேன் காலத்திலிருந்தே பழக்கம். அவனுக்கு இடது காலில் பெரிய கட்டு. போன வாரம் லாரி ஜாக்கி வழுக்கி விழுந்ததாம். நொண்டிக்கொண்டே வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, கையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தான்.

"மதினி, வண்டி இப்ப எங்கெங்க போகுது?"

"எங்க போகப்போகுது? வாரத்துல ஒருநாள் கோயில். ஒருநாள் காய்கறி மார்க்கெட்."

"மத்த நாளு?"

"தினமும் காலையில ஓட விடுதேன். ஷெட்டுக்குள்ளேயே."

முப்பிடாதி திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"அதுதான் வினை. புகையில வார கரியைப் பிடிச்சு வைக்க சைலன்சர் பக்கம் ஒரு சல்லடை இருக்கு மதினி. வண்டி வேகமா ஓடி நல்லா சூடானா, அந்தக் கரியை அதுவே எரிச்சிரும். நின்ன இடத்துல ஓடுனா சூடு பத்தாது. கரிதான் சேரும். இப்ப நூத்துக்கு எம்பது பங்கு அடைச்சிருக்கு."

"நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்காவ." அவன் பானட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனான். "ஆயில் அளவுக்கு மேல ஏறிக்கிடக்கு. டீசல் வாடை அடிக்குது பாருங்க. வண்டி எத்தனையோ தடவை கரியை எரிக்கப் பாத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பாதியில நீங்க ஆஃப் பண்ணியிருக்கீங்க. எரியாத டீசல் கீழ ஆயில்ல இறங்கிருச்சு."

"லைட்டை அழிச்சா சரியாயிருமா? உங்க முத்துசெல்வம் அண்ணாச்சி அழிக்கச் சொன்னாவ. சாயங்காலம் கயத்தாறு ஆளுக்கு வண்டியைக் குடுக்கோம்."

"அழிக்கலாம். கயத்தாறு போய்ச் சேருறதுக்குள்ள திரும்ப எரியும். இன்னும் நாலு நாள் இப்படியே விட்டா வண்டியே இழுவையைக் குறைச்சிரும். அப்புறம் கம்பெனிக்குத்தான் தூக்கணும்." அவன் துணியில் கையைத் துடைத்தான். "முதல்ல ஆயிலை மாத்திருதேன். அப்புறம் ஒரே ஒரு வேலைதான். ரோட்டுல ஏத்தி, எழுபதுக்குக் குறையாம, அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டணும். என் காலு இப்படி இருக்கு, கிளட்ச் மிதிக்க முடியாது. முத்துசெல்வம் அண்ணாச்சியைக் கூப்பிடுங்க."

பொன்மணி கூப்பிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ஆயில் கறுப்பாகத் தட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நந்தகோபால் அண்ணாச்சி இருந்தவரைக்கும் இந்த லைட்டு ஒருநாள் எரிஞ்சதில்லை" என்றான் முப்பிடாதி, வண்டிக்கு அடியிலிருந்து. "சனிக்கெழமை தவறாம நல்லா ஓடுன வண்டில்லா."

"சனிக்கெழமையா?"

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"சனிக்கெழமை சம்பள நாளு. அவிய ஆபீஸ்லல்லா இருப்பாவ. ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாவ."

முப்பிடாதி மெதுவாக வெளியே வந்தான். முகத்தில் வியர்வை.

"தெரியாம வாயை விட்டுட்டேன் மதினி."

"எங்க போவாவ?"

"விளாத்திகுளம் ரோட்டுல." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒருக்கா டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழட்ட முடியலைன்னு போன் பண்ணுனாவ. நான்தான் போனேன். விளாத்திகுளத்துக்கு நாலு கிலோமீட்டருக்கு முன்னால, இடது கைப் பக்கம் ஒரு பால் சொசைட்டி. அதை ஒட்டி உள்ள போற ரோடு. கடைசியில நீலக் கேட்டு போட்ட வீடு. யாருகிட்டயும் சொல்லாதடேன்னு சொன்னாவ. நான் சொல்லலை. இன்னைக்கு வண்டி போகப்போகுதுங்கவும்..."

"யாரு வீடு?"

"அதை நான் சொல்லமாட்டேன் மதினி. அவிய எனக்கு அண்ணன் மாதிரி."

முப்பது வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு வந்து, அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு தோசை சாப்பிட்டுப் படுத்த மனிதர். அந்த அலுப்புக்கு அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஒன்றரை மணிக்கு ஆயில் மாற்றி முடிந்தது. அவள் எழுந்தாள்.

"அரை மணி நேரம் ஓட்டணும்னு சொன்னியே. அந்த ரோட்டுல ஓட்டினா சரியா?"

முப்பிடாதி அவளை ஒரு நிமிடம் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன் மாதிரி இருந்தது. பிறகு, "எட்டயபுரம் தாண்டிட்டா ரோடு நேராக் கிடக்கும். அங்கன வச்சு மிதிங்க. கருகல் வாடை அடிக்கும், எஞ்சின் சத்தம் மாறும், பயந்து நிறுத்திராதீங்க. நிறுத்தும்போது காஞ்ச சருகு மேல மட்டும் வண்டியை விடாதீங்க, சூட்டுல பத்திக்கிரும்" என்றான்.

*

எட்டயபுரம் வரை மூன்றாவது கியர்தான். எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்தாலே கால் பிரேக்குக்குப் போயிற்று. வண்டியின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். கடைத்தெருவில் ஒரு ஆட்டோக்காரர் கையைக் காட்டி, வாங்க, வாங்க என்று ஒதுங்கி வழிவிட்டார்.

ஊர் முடிந்தது. ரோடு நேராகக் கிடந்தது.

மார்கழி வெயில். இரண்டு பக்கமும் கரிசல், அதன்மேல் கண் போகிற தூரம் வரை மக்காச்சோளமும் மிளகாயும். வேலை செய்யும் ஆட்கள்கூடத் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரிந்தார்கள். நான்காவது கியர் போட்டாள். ஐம்பது. அறுபது. ஐந்தாவது கியரை அவள் தொட்டதே இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்துத் தள்ளினாள். விழுந்துவிட்டது. எழுபது.

உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஒவ்வொரு கையாக எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பையில் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

யார் வீடாக இருக்கும்?

அந்தக் கேள்வியை நினைக்கக் கூடாது என்று தீர்மானித்துத்தான் புறப்பட்டாள். ஆனால் நேரான ரோட்டில் வேறு எதை நினைப்பது? ஒரு பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். ஆபீஸில் வேலை பார்த்தவளாக இருக்கலாம். வயதில் சின்னவளாக இருக்கலாம். அவளும் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பாளா? செத்துப்போனவரிடம் எதையும் கேட்க முடியாது. அழுவதற்கும் இனி அவர் பேரில் உரிமை இல்லையோ என்று தோன்றியபோதுதான் கண் மறைத்தது. ஓட்டும்போது அழக்கூடாது என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் எஞ்சின் சத்தம் மாறியது. ஏதோ சுமையை ஏற்றியதுபோல் ஒரு முனகல். பிறகு கருகல் வாடை. கால் தானாகவே எழும்பியது. முப்பிடாதி சொன்னது நினைவுக்கு வர, மறுபடியும் அழுத்தினாள். எழுபத்தைந்து. எண்பது. பின்னால் வந்த மணல் லாரி சின்னதாகிக்கொண்டே போனது.

எத்தனை நிமிடம் என்று அவள் கணக்கு வைக்கவில்லை. ஒரு பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்த்தாள். மஞ்சள் விளக்கு இல்லை.

"அணைஞ்சிருச்சு" என்றாள்.

சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியிலும் பார்த்தாள். இரண்டு வரிசை இருக்கைகளும் வெயிலில் பளபளவென்று, வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருந்தன.

பால் சொசைட்டி இடது பக்கம் வந்தது.

*

உள்ளே போகும் ரோடு இவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வண்டி அகலத்துக்குத் தார், இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் போன வார மழையின் கரிசல் சேறு. அரை கிலோமீட்டர் போவதற்குள் எதிரே ஒரு ஆட்டுக் கூட்டம். மேய்த்து வந்த அம்மாள் கம்பால் ஆடுகளை ஓரம் தள்ளினாள். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அருகே வந்தாள். பொன்மணி கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணாச்சி வரலையா தாயி? நான் வெளியூரு மேய்ச்சலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன், எத்தனை மாசமாச்சு பாத்து! பேச்சித்தாய் கேட்டான்னு சொல்லுங்க."

பொன்மணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னையப் பாத்தா நிப்பாட்டி ஒரு சேவு பொட்டலம் குடுக்காமப் போகமாட்டாவ. பிள்ளைக்குன்னு வாங்குதது, எனக்கும் ஒண்ணு." பேச்சித்தாய் சிரித்தாள். "பிள்ளை வழியையே பாத்துக்கிட்டு நிக்கும் பாவம்."

பிள்ளை.

ஆடுகள் கடந்து போயின. பொன்மணி வண்டியை நகர்த்தவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. விளக்கு அணைந்துவிட்டது, வந்த வேலை முடிந்தது, வண்டியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தெரியாமல் இருந்த ஐந்து மாதத்தை அப்படியே நீட்டிக்கொண்டு போகலாம்.

போன் மறுபடியும் அடித்தது. முத்துசெல்வம்.

"மதினி, எங்க இருக்கீங்க? கயத்தாறு ஆளு சீக்கிரமே வந்துட்டாரு. வீட்டு முன்னால நிக்கோம்."

"விளாத்திகுளம் ரோட்டுல. பால் சொசைட்டி பக்கத்துல."

வீட்டு வாசலில் யாரோ இருமுவது போனில் கேட்டது.

"அங்கன எதுக்குப் போனீங்க?" முத்துசெல்வத்தின் குரல் இறங்கியிருந்தது. அவர் எங்கோ தள்ளிப் போய்ப் பேசுவதுபோல் இருந்தது. "மதினி, சொல்லுததைக் கேளுங்க. அங்கன போகவேண்டாம். உடனே வண்டியைத் திருப்புங்க."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"திருப்ப இடம் இல்லை" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அது உண்மையும்கூட. இவ்வளவு நீளமான வண்டியை அந்த ரோட்டில் திருப்ப முடியாது. முன்னால்தான் போகவேண்டும்.

நீலக் கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே அகலமான முற்றம், ஒரு வேப்பமரம், பக்கவாட்டில் ஒரு சின்னக் கடை. கால்நடை மருந்துகள் கிடைக்கும் என்று பலகை. திருப்புவதற்கு வேண்டிய இடம் இருந்தது. உள்ளே விட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரே வளைவில் வெளியே போய்விடலாம் என்று அவள் பாதி திருப்பியபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தது.

பொன்மணி பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி அணைந்தது.

மூன்று வயது இருக்கும். பெண் குழந்தை. டிரைவர் பக்கம் வரவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய் இரண்டு கைகளாலும் தட்டியது. அந்தக் கதவு வழியாக ஏறித்தான் பழக்கம்போல.

"தாத்தா! கதவைத் திறங்க தாத்தா!"

தாத்தா என்ற சொல் பொன்மணிக்கு உடனே புரியவில்லை. அவள் கீழே இறங்கினாள்.

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"தாத்தா சாமிகிட்டப் போயிட்டாவன்னு அம்மா சொன்னா. வந்துட்டாவளா?"

"ஏட்டி தீபா, வண்டி பக்கம் போகாத. யாரு வந்திருக்கா?"

குரல் முதலில் வந்தது. பிறகு ஆள் வந்தாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி வாசலுக்கு வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள். இளைத்திருந்தாள். நெற்றியோரம் இரண்டு முடி வெளுத்திருந்தது. இருபத்தொன்பது வயதில்.

ஆனந்தி.

வண்டிக்கு அடியில் சூடான இரும்பு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நீயா ஓட்டிட்டு வந்த?" ஆனந்திதான் கேட்டாள்.

"ஆமா."

"தனியாவா?"

"ஆமா."

"நான் இங்கன இருக்கேன்னு அப்பா சொல்லியிருந்தாவளா?"

"ஒண்ணும் சொல்லலை. வண்டியைப் பாக்குத முப்பிடாதிதான் ரோட்டைச் சொன்னான். யாரு வீடுன்னு அவனும் சொல்லலை. நான் வேற என்னவோ..." பொன்மணி முடிக்கவில்லை. நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனந்தி படியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணரை வருஷமா வந்தாவம்மா. சென்னையை விட்டு இவிய ஊருக்கு நாங்க வந்தப்ப, வண்டி வாங்குன மாசத்துல இருந்து. தீபாவைப் பின்னால ஏத்திக்கிட்டு விளாத்திகுளம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவாவ. அம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன். உங்கம்மா இன்னும் தாங்கமாட்டாட்டி, கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுவாவ."

"நான் தாங்கமாட்டேன்னா?" பொன்மணி கேட்டாள். "உன் பேரை எடுத்தா அவியளுக்கு நெஞ்சு வலிக்கும்னுதானட்டி நான் வாயே திறக்கலை. குளிக்கப்போற இடத்துல அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வருவேன்."

ஒரே வீடு. ஒரே கட்டில். மூன்றரை வருடம். ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு. இதைச் சொல்ல இப்போது அந்த மனிதர் இல்லை என்பது, அவர் இறந்த அன்றைக்கு இருந்ததைவிடக் கனமாக இறங்கியது. பொன்மணி வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றாள்.

"அவியளைக் கடைசியா ஒருதடவை பாக்கக்கூட நீ வரலையேட்டி."

"வந்தேன்."

பொன்மணி நிமிர்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில பஸ் பிடிச்சு வந்தேன். தீபாவையும் தூக்கிக்கிட்டு. தெருமுக்குல முத்துசெல்வம் சித்தப்பா நின்னாரு. உள்ள விடலை. உங்கம்மா உன்னைப் பாக்கப் பிரியப்படலைன்னாரு. நான் நம்பலை. அப்பத்தான் ஒரு கடுதாசியைக் குடுத்தாரு. உங்கம்மா குடுக்கச் சொன்னான்னு."

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் ஒரு நீல இன்லண்ட் லெட்டர். மடிப்பில் கிழிந்திருந்தது. தபால் முத்திரை இல்லை.

வாங்கிப் பிரிக்கவேண்டிய அவசியம் பொன்மணிக்கு இல்லை. தெரிந்தது. ஆனந்தி போன மறுவாரம், நான்கு பக்கமும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன ஒரு மத்தியானத்தில் எழுதியது. எனக்கு ஒரே பிள்ளைதான், மகள் செத்துவிட்டாள் என்று தலை முழுகிவிட்டேன் என்று எழுதி, ஒட்டி, நந்தகோபால் கையில் கொடுத்து, விலாசம் விசாரித்து எழுதி இதைத் தபாலில் போடுங்கள் என்றாள். போடுகிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். போட்டீர்களா என்று அவள் பிறகு கேட்கவில்லை. கேட்க அஞ்சினாள். அவர் போடவில்லை. எங்கோ ஒளித்துத்தான் வைத்திருந்திருக்கிறார். அவர் உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் முத்துசெல்வம் அதைத் தேடி எடுத்தது எப்படி? எதற்காக?

போன் மறுபடியும் பைக்குள் அடிக்கத் தொடங்கியது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை.

"அஞ்சு மாசமா இதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியாது." ஆனந்தியின் குரல் உடையவில்லை. அதுதான் பொன்மணிக்குத் தாங்கவில்லை. "உன் எழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா சித்தப்பா எதையும் செய்வாரு. இது நீ எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் நம்பிருதேன்."

சொல்லிவிடலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அவள் கையால் எழுதிக் கொடுத்ததை அறிந்த ஒரே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வார்த்தைதான், இந்தப் படியேறி உள்ளே போய்விடலாம். குழந்தை பின்கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் எழுதினதுதான்" என்றாள் பொன்மணி.

ஆனந்தி படியை விட்டு இறங்கி வந்து, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

கதவைச் சாத்தவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை.